கேட்க ஆளில்லாத ஸ்பானியம்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மிக அதிகமான மாணவர்கள் படிக்கும் வேற்றுமொழி ஸ்பானியம். ஏ.பி. எனப்படும் மேம்பட்ட பாடத் தேர்வுகளில், மொழித்தாள்களுக்குள் அதிகம் பேர் எழுதுவதும் அதைத்தான். பிரிட்டனில் 2019-இல் ஏ லெவல் எனப்படும் பள்ளியிறுதித் தேர்வு எழுதியோர் எண்ணிக்கையில் அது பிரெஞ்சை முந்தியது. நம் நாட்டிலும் 2020 தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிகளில் கற்பிக்கலாம் என்று பெயர் சொல்லும் அயல்மொழிகளில் ஸ்பானியம் ஒன்று. மூன்று நான்கு ஆண்டுகள் படித்து மேல்வகுப்புக்கு வந்துவிட்ட மாணவர்களை ஸ்பானிய வகுப்பில் என்ன செய்யவைப்பது என்று ஓர் ஆசிரியர் தேடினால் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. சொல் அட்டைகள், கஹூட் என்னும் இணைய வினாடி வினாப் போட்டி, பாட்டில் விடுபட்ட சொல்லை நிரப்புதல், படம் பார்த்துக் கதை சொல்லுதல், வெள்ளிக்கிழமை சினிமா என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் பெரும்பாலானவை மாணவரைச் சுறுசுறுப்பாக வைத்திருக்கின்றன, ஆனால் ஒரு படிகூட மேலே ஏற்றுவதில்லை என்பது என் கருத்து. மேல்வகுப்பில் ஒரு செயல்பாட்டை எடைபோட இரண்டு கேள்விகள் போதும். மாணவர் சொல்வதைக் கேட்டே ஆகவேண்டிய நிலையில் இன்னொருவர் அங்கே இருக்கிறாரா? ஒருமுறை தடுமாறிச் சொன்னதைத் திருத்திக்கொண்டு மறுபடி சொல்ல வாய்ப்பு இருக்கிறதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால், வகுப்பு எவ்வளவு கலகலப்பாக இருந்தாலும் அது பொழுதுபோக்குதான்.

தொடக்க வகுப்புக்கு நான் இதைச் சொல்லவில்லை. நிறங்களையும் எண்களையும் மனத்தில் பதியவைக்க விளையாட்டு நல்ல வழி. மேல்வகுப்பு மாணவரின் சிக்கல் வேறு மாதிரியானது. அவருக்கு விதி தெரியும். விருப்பம், ஐயம், வேண்டுகோள் ஆகியவற்றைச் சொல்லும்போது ஸ்பானிய வினைச்சொல் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும். சப்ஜங்க்டிவ் எனப்படும் அந்த வடிவத்தைத் தாளில் கேட்டால் பிழையில்லாமல் எழுதிவிடுவார். வாயைத் திறந்து பேசும்போதோ பழைய, எளிய வடிவமே முந்திக்கொண்டு வருகிறது. தெரிந்ததற்கும் பேச்சில் வருவதற்கும் இடையிலான இந்தத் தூரத்தைக் கடப்பதுதான் அந்த வகுப்பின் முழு வேலையும். நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் போட்டி, அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் மறுபடி சோதிக்கிறது. முப்பது பேர் கூச்சலிட்டு மகிழ்ந்த அந்த இருபது நிமிடத்தில் யாரும் ஒரு முழு வாக்கியம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதற்கு வலுவான சான்று கனடாவில் கிடைத்தது. மான்ட்ரியாலை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில் 1965-இல், ஆங்கிலம் பேசும் பெற்றோர்கள் வற்புறுத்தியதால் ஒரு சோதனை தொடங்கியது. தங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சை ஒரு பாடமாகச் சொல்லித்தராமல், பாடங்களையே பிரெஞ்சில் நடத்தச் சொன்னார்கள். அந்த முறை நாடெங்கும் பரவியது. காதில் விழும் மொழி புரியும்படியாகவும் போதுமான அளவிலும் இருந்தால் மற்றது தானே வந்துவிடும் என்று அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் வாதிட்ட காலத்தில், அந்தக் கொள்கைக்கு இதைவிட நல்ல பரிசோதனைக் களம் கிடைத்திருக்க முடியாது. ஆனால் மெரில் ஸ்வெயின் 1985-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சிலேயே பாடம் கேட்ட பிள்ளைகள், கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளை நெருங்கிவிட்டார்கள். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் மட்டும் பின்தங்கியே இருந்தது. அவர்கள் காதில் பிரெஞ்சு குறைவாக விழவில்லை. குறைவாக இருந்தது, வகுப்பில் அவர்கள் தாமே நீளமாகப் பேசவேண்டிய தேவை. ஆசிரியர் கேட்பார், பிள்ளை ஓரிரு சொல்லில் பதில் சொல்லும், பாடம் நகர்ந்துவிடும். புரிந்துகொள்வதற்கு வாக்கியத்தின் பொருள் போதும். சொல்வதற்கோ அதன் எலும்புக்கூடு முழுதும் வேண்டும் என்பது ஸ்வெயின் வாதத்தின் சாரம்.

பேசவைத்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. ஒரு மாணவி ‘நீ வரவேண்டும் என்று விரும்புகிறேன்’ என்பதை ஸ்பானியத்தில் ‘கியேரோ கே தூ வியேனெஸ்’ என்கிறாள். ஆசிரியர் சிரித்த முகத்தோடு, ‘ஆ, கியேரெஸ் கே யோ வெங்கா’ என்று சரியான வடிவத்தைத் தன் பதிலுக்குள் வைத்துச் சொல்கிறார். மாணவி தலையை ஆட்டிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறாள். தான் சொன்னது புரிந்துவிட்டது என்பதுதான் அவளுக்கு எட்டிய செய்தி. திருத்தம் காதருகே வந்து திரும்பிப் போய்விட்டது. ராய் லிஸ்டரும் லெய்லா ராந்தாவும் கனடாவின் பிரெஞ்சுவழி வகுப்புகளைப் பதிவுசெய்து 1997-இல் வெளியிட்ட கணக்கு இதைத்தான் காட்டியது. ஆசிரியர் செய்த திருத்தங்களில் 55 விழுக்காடு இந்தப் பூசி மெழுகும் வகை. அவற்றில் 31 விழுக்காட்டுக்குத்தான் மாணவர்களிடமிருந்து ஏதாவது எதிர்வினை வந்தது. ஆசிரியர் விடையைத் தாமே சொல்லாமல், பாதியில் நிறுத்தி, மாணவரிடமிருந்தே வரவழைத்த இடங்களில் எதிர்வினை வராமல் போகவில்லை. எதிர்வினை இல்லை என்பதாலேயே எதுவும் உள்ளே ஏறவில்லை என்று சொல்லிவிட முடியாது. பூசி மெழுகும் திருத்தமும் பயன் தரும் என்று காட்டும் பிந்தைய ஆய்வுகள் உண்டு. ஆனாலும் மேல்வகுப்பில், விதியை ஏற்கெனவே அறிந்த மாணவரிடம், அவரே தேடி எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு கணம் காத்திருப்பதால் இழப்பு ஒன்றுமில்லை.

திரும்பச் சொல்வதைப் பற்றியும் நல்ல சான்று இருக்கிறது. சொல்வளம் பற்றிய ஆய்வுகளுக்காக அறியப்பட்ட பால் நேஷன் பரவலாக்கிய ஒரு பயிற்சியில், மாணவர் ஒரே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம் சொல்வார். ஆளை மாற்றிக்கொண்டு அதையே மூன்று நிமிடத்தில், பின்பு இன்னொருவரிடம் இரண்டு நிமிடத்தில் சொல்வார். கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர் என்பதால் சொல்வதற்குக் காரணம் தீர்ந்துபோவதில்லை. சொல்பவருக்கோ விஷயம் பழகிவிட்டதால் மொழியில் கவனம் வைக்க இடம் கிடைக்கிறது. அமெரிக்காவில் ஆங்கிலம் படிக்க வந்தவர்களை வைத்து நெல் டி யோங், சார்ல்ஸ் பெர்ஃபெட்டி இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே விஷயத்தைத் திரும்பச் சொன்னவர்களுக்குக் கிடைத்த சரளம் பின்னர் புதிய விஷயங்களைப் பேசும்போதும் நிலைத்தது. ஒவ்வொரு முறையும் வேறு விஷயம் பேசியவர்களிடம் அது நிலைக்கவில்லை. வாரத்துக்கொரு புதுச் செயல்பாடு என்று ஓடும் ஆசிரியர்கள் இந்த முடிவைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அதே பயிற்சியை ஃபிராங்க் பூர்ஸ் 2014-இல் மறுபடி ஆராய்ந்தபோது மறுபக்கமும் தெரிந்தது. முதல் சுற்றில் வந்த பிழை, கடிகாரத்தின் நெருக்கடியில், இரண்டாம் மூன்றாம் சுற்றிலும் அப்படியே வந்தது. ஆக, சுற்றுகளுக்கு இடையில் ஒரு நிறுத்தம் தேவை. அந்த நிறுத்தத்தில் ஆசிரியர் கேட்டுவைத்த ஐந்தாறு பிழை வாக்கியங்களை, யார் சொன்னது என்று சொல்லாமல், பலகையில் எழுதிப்போட்டு வகுப்பையே திருத்தச் சொல்லலாம். கேட்பவர், திருத்தம், மறுபடி சொல்லுதல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பலன். ஒன்றை உருவிவிட்டாலும் மற்ற இரண்டும் தள்ளாடும்.

இவையெல்லாம் ஓரிடத்தில் கூடிவரும் ஒரு செயல்பாட்டைப் பார்ப்போம். ஏ.பி. ஸ்பானிய இலக்கியப் பாடத்திட்டத்திலும், பிரிட்டனின் ஏ லெவல் நூல் பட்டியலிலும் இடம்பெற்ற நாடகம் ஃபெதெரிக்கோ கார்சியா லோர்காவின் ‘பெர்னார்தா ஆல்பாவின் வீடு’. 1936 ஜூனில் எழுதி முடித்தார். அந்த ஆகஸ்டிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நாடகம் மேடையேறியது 1945-இல், பியூனஸ் அயர்ஸ் நகரில். கணவனை இழந்த பெர்னார்தா, ஐந்து மகள்களையும் வீட்டுக்குள் பூட்டி எட்டாண்டு துக்கம் அனுசரிக்க ஆணையிடுகிறாள். சொத்துள்ள மூத்தவள் அங்குஸ்தியாஸுக்கு நிச்சயித்த பெப்பே, இரவில் கடைசி மகள் அதேலாவைச் சந்திக்கிறான். அவன்மீது ஆசை வைத்த இன்னொரு மகள் மார்த்திரியோ அதைக் காட்டிக்கொடுக்கிறாள். தாய் துப்பாக்கியால் சுடுகிறாள், குறி தவறுகிறது, அவன் தப்பித்துப் போகிறான். அவன் செத்துவிட்டான் என்று அதேலா நம்பும்படி மார்த்திரியோ பேசுகிறாள். அதேலா தூக்கில் தொங்குகிறாள். வழக்கமான வகுப்பில் இதைப் படித்து முடித்ததும் ‘அடக்குமுறை என்னும் கருப்பொருளை விளக்குக’ என்றொரு கட்டுரை எழுதச் சொல்வார்கள். அதற்குப் பதில் ஒரு நீதிமன்றத்தை நடத்தட்டும். அதேலாவின் சாவுக்கு யார் பொறுப்பு? குற்றவாளிக் கூண்டில் தாயும் மார்த்திரியோவும். சாட்சிகளில் முக்கியமானவள் வேலைக்காரி போன்சியா. எல்லாம் தெரிந்தவள், முன்கூட்டியே எச்சரித்தவள், தடுக்க முடியாதவள்.

அதை நடத்தும் விதத்தில்தான் சூட்சுமம். ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு சீட்டு தரப்படுகிறது. அந்தப் பாத்திரம் எந்தக் காட்சியில் இருந்தது, எதைக் கண்டது, எதைக் கேட்டது என்பது மட்டும் அதில் இருக்கும். வழக்கறிஞர்களுக்கு அந்தச் சீட்டு கிடையாது. நாடகம் அவர்களுக்குத் தெரியும், ஆனால் இந்தச் சாட்சி எதற்கெல்லாம் பொறுப்பேற்றுப் பேசும் என்று தெரியாது. கேட்டு வாங்கியாக வேண்டும். நடுவர்கள் தீர்ப்பு எழுதியாக வேண்டும் என்பதால் குறிப்பெடுத்துக்கொண்டே கேட்கிறார்கள். குற்றம் சாட்டும் தரப்பு எழுந்து, ‘மார்த்திரியோ அப்படிப் பேசாமல் இருந்திருந்தால் அதேலா செத்திருக்க மாட்டாள்’ என்று சொல்லியே தீரவேண்டும். எதிர்த்தரப்பு, ‘பெர்னார்தா சுடாமல் இருந்திருந்தால் மார்த்திரியோ அப்படிப் பேசவே நேர்ந்திருக்காது’ என்று திருப்பும். நடக்காமல் போன ஒன்றைக் கற்பனையாகச் சொல்லும் இந்த வாக்கிய அமைப்பு, ஸ்பானியத்தில் இரண்டு பாதிகளிலும் வினைச்சொல்லை வேறு வேறு விதமாக முறுக்கும். மேல்வகுப்பு இலக்கணத்தில் மாணவர்கள் மிகவும் அஞ்சும் பகுதிகளில் அதுவும் ஒன்று. பயிற்சிப் புத்தகத்தில் இருபது தடவை கோடிட்ட இடத்தை நிரப்பியும் நாக்கில் உட்காராத அது, இங்கே வழக்கின் உயிர்நாடியாகிவிடுகிறது. அதைச் சொல்லாமல் யாரையும் குற்றம்சாட்டவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது. முதல் விசாரணை முடிந்ததும் நிறுத்தம், பலகையில் பிழைகள், பிறகு நடுவர்களை மாற்றி மேல்முறையீடு. இரண்டாம் முறை பேசும்போது அதே வாதம் பாதி நேரத்தில், இரு மடங்கு தெளிவாக வரும். இரண்டு மூன்று பாடவேளை இதற்கே போய்விடும். போகட்டும்.

விவாதம் என்ற பெயரில் நடப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்பானிய வகுப்புகளில் அடித்துத் துவைக்கப்பட்ட தலைப்பு, காளைச் சண்டை வேண்டுமா வேண்டாமா என்பது. கட்டலோனியா 2010-இல் தடைச் சட்டம் இயற்றியதும், ஸ்பெயினின் அரசியல் சாசன நீதிமன்றம் 2016-இல் அதை ரத்துசெய்ததும் சுவையான வரலாறுதான். ஜல்லிக்கட்டு வாதங்களை 2017-இல் தெருத் தெருவாகக் கேட்ட நமக்கு அந்தச் சூடு புரியும். வகுப்பிலோ ஒரு குழு எழுதிவைத்ததை வாசிக்கும், மறுகுழு தான் எழுதிவைத்ததை வாசிக்கும். எதிராளி பேசும்போது தன் தாளைப் பார்த்து உதட்டசைத்துக்கொண்டிருப்பவரைக் கேட்பவர் என்று கொள்ள முடியாது. இதே தலைப்பை உயிர்ப்பிக்கவும் வழி உண்டு. சட்டத்தின் வரலாறு ஒரு குழுவுக்கு, காளை வளர்ப்போரின் வருமானம் இன்னொன்றுக்கு, விலங்குநல அமைப்புகளின் வாதம் மற்றொன்றுக்கு என்று கட்டுரைகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பிறகு குழுவுக்கு ஒருவராகக் கலந்து உட்காரவைத்து, எல்லாரும் கையெழுத்திடக்கூடிய ஒரு பரிந்துரையை எழுதச் சொல்ல வேண்டும். எலியட் ஆரன்சன் 1971-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், வெள்ளையர், கறுப்பர், மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறை ஒன்றாக உட்கார்ந்த நேரத்தில், பகையைத் தணிக்க உருவாக்கிய முறை இது. மொழி வகுப்புக்காக அவர் அதை யோசிக்கவில்லை. ஆனால் அடுத்தவர் கையில் இருப்பது எனக்கு வேண்டும் என்ற நிலை மொழி வகுப்புக்கென்றே அளந்து தைத்ததுபோல் பொருந்துகிறது.

இனி எதிர்வாதங்கள். முதலில் வருவது தேர்வு. ஏ.பி. ஸ்பானிய மொழித்தேர்வு பல ஆண்டுகளாக இருந்துவரும் வடிவத்தில், உரையாடல் என்ற பகுதியில் பதிவுசெய்த குரல் ஒன்று ஐந்து முறை பேசும். ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல மாணவருக்கு 20 விநாடி. மாணவர் என்ன சொன்னாலும் அந்தக் குரல் அடுத்து கேட்க இருந்ததையே கேட்கும். பண்பாட்டு ஒப்பீடு என்ற பகுதியில் நான்கு நிமிடம் யோசித்து இரண்டு நிமிடம் பேச வேண்டும், அதுவும் ஒலிப்பதிவுக் கருவியிடம். மதிப்பெண் இதில் இருக்கும்போது நீதிமன்றம் நடத்திக்கொண்டிருக்க நேரமேது என்று ஆசிரியர் கேட்பது நியாயம்தான். பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகவே பிரெஞ்சு எடுக்கும் வழக்கத்தை அறிந்த நாம் அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் வாரம் தவறாமல் அந்த 20 விநாடியையே ஒத்திகை பார்க்கும் வகுப்பில் மாணவர் கற்றுக்கொள்வது, எந்தக் கேள்விக்கும் பொருந்தும் நான்கைந்து வார்ப்பு வாக்கியங்களை. ‘எவ்வளவு அருமையான யோசனை, எனக்கும் மிகவும் விருப்பம்’ என்று இயந்திரத்திடம் பரவசப்படும் அந்தப் பதில்களைத் திருத்துவோர் ஆயிரக்கணக்கில் கேட்டுச் சலித்திருப்பார்கள். தேர்வின் வடிவம் பழக ஆண்டுக்கு நான்கைந்து ஒத்திகை தாராளம். இரண்டு நிமிடம் தொடர்ந்து பேசும் திராணி மேலே சொன்ன பயிற்சிகளில்தான் வளரும். அதே தேர்வின் கட்டுரைப் பகுதி, ஒரு கட்டுரை, ஒரு வரைபடம், ஒரு ஒலிப்பதிவு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு வாதிடச் சொல்கிறது. மூன்றையும் மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் அதுவே குழுச் செயல்பாடாகிவிடும். பிரிட்டனின் ஏ லெவலில் மாணவர் தாமே தேர்ந்த ஓர் ஆய்வுத் தலைப்பைப் பற்றி, எதிரே உட்கார்ந்த மனிதர் குறுக்குக் கேள்வி கேட்கக் கேட்கப் பேசவேண்டும். அங்கே தேர்வே ஆசிரியர் பக்கம் நிற்கிறது.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஹிஸ்பானிய வம்சாவளியினர் 6.21 கோடி. டெக்சாஸிலோ கலிபோர்னியாவிலோ மேல்நிலை ஸ்பானிய வகுப்பில், வீட்டில் ஸ்பானியம் பேசி வளர்ந்தவர்களும் புத்தகத்தில் படித்து வந்தவர்களும் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். ஏ.பி. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டே, மதிப்பெண் விவரத்தை வெளியிடும்போது, பள்ளியில் மட்டுமே மொழியைக் கற்றவர்களைத் தனியாகவும் காட்டுகிறது. இப்படிப்பட்ட வகுப்பில் பேச்சுச் செயல்பாடு வைத்தால் வீட்டுமொழிக்காரர்கள் பேசித் தள்ளுவார்கள், மற்றவர்கள் வாய்பார்த்திருப்பார்கள் என்பது அச்சம். செயல்பாட்டைக் கவனமில்லாமல் அமைத்தால் நிச்சயம் அப்படித்தான் நடக்கும். ஆனால் வீட்டுமொழிக்காரரின் பலம் பேச்சில். எழுத்தில் உச்சரிப்புக் குறிகளும் எழுத்துக்கூட்டலும் உரைநடையின் முறையான தொனியும் அவருக்குத் தகராறு. புத்தகத்தில் படித்தவருக்கு அவை பழக்கம், பேச்சின் ஓட்டம்தான் இல்லை. தீர்ப்பை இருவர் சேர்ந்து எழுத்தில் தரவேண்டும் என்று வைத்தால் இருவருக்கும் மற்றவர் தேவைப்படுகிறார். அதைவிட முக்கியமாக, பாட்டியிடம் பேசும் ஸ்பானியத்தைக் கொச்சை என்று ஒதுக்கிவந்த வகுப்பில், போன்சியாவாக நின்று பேச அந்தப் பேச்சே தகுதியாகிறது.

கூச்சமுள்ளவர் என்ன செய்வார், குழுவில் விட்டால் ஆங்கிலத்துக்குத் தாவிவிட மாட்டார்களா என்பவை மீதிக் கேள்விகள். கூச்சமுள்ளவருக்கு வகுப்பு முழுவதையும் பார்த்துப் பேசுவதைவிட ஒரே ஒருவரிடம் மூன்று சுற்று பேசுவது எளிது. ஆங்கிலத்துக்குத் தாவுவது உண்மை. சீட்டில் உள்ளதும் எழுதித் தரவேண்டியதும் ஸ்பானியமாக இருந்தால் அது குறையும், முழுதும் நிற்காது. ‘இந்த இடத்தில் எந்த வடிவம் வரும்’ என்று இருவர் தங்களுக்குள் ஆங்கிலத்தில் ஒரு நிமிடம் வாதிட்டால் அதைத் தடுக்கவும் வேண்டாம். ஸ்வெயினும் ஷாரன் லாப்கினும் எட்டாம் வகுப்பு மாணவர் இருவரின் பேச்சைப் பதிவுசெய்து 1998-இல் எழுதியது, அப்படிப்பட்ட சின்னச் சின்ன வாதங்களிலேயே கற்றல் நடக்கிறது என்பதைத்தான். ஆசிரியரின் நேரம் மட்டும் தட்டிக்கழிக்க முடியாத பிரச்சினை. சாட்சிச் சீட்டுகளைத் தயாரிக்க ஒரு மாலைப்பொழுது பிடிக்கும், கஹூட்டுக்குப் பத்து நிமிடம் போதும். ஒரு பருவத்துக்கு இரண்டே பெரிய செயல்பாடு என்று வைத்துக்கொண்டு, துறையில் உள்ள ஆசிரியர்கள் சீட்டுகளைப் பகிர்ந்துகொண்டால் சமாளிக்கலாம். லோர்காவின் நாடகம் பாடத்திட்டத்திலிருந்து நாளைக்கே போய்விடப் போவதில்லை. இந்த ஆண்டு எழுதிய சீட்டு, பலகையில் சேர்ந்த பிழைப் பட்டியலின்படி இரண்டொரு வரி திருத்தினால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும்.